காலையில் எடுத்த நகல்

யாராவது என் வேலையை ரொம்பவும் பாராட்டினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். குறை சொன்னால் நிம்மதி. குறை சொல்கிறவர் பொருளைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார். பாராட்டுகிறவர் என்ன செய்து வைத்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. இந்தக் குணத்தால் ஆபீஸில் எனக்குச் சிநேகிதர்கள் குறைவு. வீட்டில் என் கணவர், "பால் பாக்கெட்டையே ரெண்டு தடவை மோந்து பாக்கறவ நீ," என்று கிண்டல் செய்வார். முகர்ந்துதான் பார்ப்பேன். சேலையூரில் எங்கள் தெருவுக்கு வரும் பால் வண்டி கேம்ப் ரோட்டு வெயிலில் எத்தனை நேரம் நின்றுவிட்டு வருகிறது என்று நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் நான் ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். ஆஸ்பத்திரிகள் பல ஊர்களில் இருந்தன. எங்கள் பிரிவு மட்டும் தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இருந்த இரண்டு மாடிகளில் இயங்கியது. லாரி போகும்போதெல்லாம் மேசை லேசாக அதிரும். டீ குடிக்கக் கீழே இறங்கினால் டைல்ஸ் அறுக்கும் தூசி டீயில் விழும்.

அங்கே ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தனி சாஃப்ட்வேர். ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று, பில்லிங்குக்கு ஒன்று, வார்டுக்கு ஒன்று. ஒரே நோயாளிக்கு லேபில் ஒரு வயது, பில்லில் இன்னொரு வயது. ஓரிடத்தில் இனிஷியல் முன்னால் இருக்கும், இன்னோரிடத்தில் பின்னால். யார் சொல்வது சரி என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். கடைசியில் நிர்வாகம் ஒரு முடிவுக்கு வந்தது. நோயாளியின் விவரம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், தேவைப்படும்போது மற்றவர்கள் அங்கே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படிக் கேட்டு வாங்கும் வழியை அமைப்பதும் கவனிப்பதும் என் வேலை. இன்று அதை ஏபிஐ என்று எல்லோரும் சொல்கிறார்கள். அன்று எங்கள் ஆபீஸில் 'சர்வீஸ்' என்போம். ரயில்வே விசாரணை ஜன்னல் மாதிரிதான். முறைப்படி கேள்வியை நீட்டினால் முறைப்படி பதில் வரும். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

மற்ற பிரிவுகளின் புரோகிராமர்கள்தான் அந்த ஜன்னலில் வந்து நிற்பவர்கள். அவர்களுக்கு அது சுலபமாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பழைய சாஃப்ட்வேர்கள் தப்பு நடந்தால் ஒரு எண்ணைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். எங்களுடையது, நோயாளி எண்ணில் ஒரு இலக்கம் குறைகிறது என்று வாய்விட்டுச் சொல்லும். அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ள மாதிரிகள், பயமில்லாமல் தட்டிப் பார்க்கப் பொய் நோயாளிகள், சந்தேகம் என்றால் கூப்பிட என் மேசை போன் என்று எல்லாம் வைத்தோம். என் குழுவில் இருந்த பையன் ஒருவன் முணுமுணுத்தான்.

"புரோகிராமர்ஸுக்கு எதுக்கு மேடம் இவ்ளோ உபசாரம்? கல்யாண வீடா இது?"

"சரியா கவனிக்கலைன்னா பின்பக்கமா வந்து டேட்டாபேஸ்லயே கையை விடுவாங்க," என்றேன். "பன்னீர் தெளிக்கறது அதுக்காகத்தான்."

ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தனிச் சாவி கொடுத்தோம். கேட்பது யார் என்று அந்தச் சாவியை வைத்து எங்களுக்குத் தெரிந்துவிடும். அது இல்லாமல் எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

முதலில் வந்து சேர்ந்தவர்கள் மருந்தகப் பிரிவு. அவர்களுடைய டீம் லீட் பீர்க்கன்கரணைக்காரர், நாற்பது வயது இருக்கும். ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து பைக்கில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதல் வேலையாகச் சீப்பை எடுத்துத் தலை வாருவார். பேச்சில் அப்படி ஒரு மரியாதை. எங்கள் குறிப்புகளைப் படித்துவிட்டு, "சூப்பர் மேடம். இவ்ளோ க்ளியரா நம்ம கம்பெனில யாரும் எழுதினதே இல்ல," என்றார். நான் அன்றைய தேதியை டைரியில் குறித்து வைத்துக்கொண்டேன்.

அவர் கேட்டது ஒரே ஒரு வசதி. பல நோயாளிகளின் விவரத்தை ஒரே கேள்வியில் சேர்த்துக் கேட்க வேண்டும். "ஒரு வார்டுக்கு மொத்தமா மருந்து போகும் மேடம். ஒவ்வொரு பேஷன்ட்டா கேட்டா கவுன்ட்டர்ல லேட் ஆகுது." நியாயமாகத்தான் இருந்தது. செய்து கொடுத்தோம். அதற்குப் பிறகு அவர் எதுவுமே கேட்கவில்லை. லேப்காரர்கள் தினமும் போன் செய்து சண்டை போட்டார்கள். பில்லிங்கில் இருந்த பெண்மணி என்னை ஒருமையில் திட்டாத குறை. இவரிடமிருந்து மட்டும் ஒரு முணுமுணுப்பும் இல்லை. ஆயுத பூஜைக்குப் பொரி கடலைப் பொட்டலத்தோடு வந்து, எங்கள் சர்வர் அறைக் கதவுக்கும் அவரே சந்தனப் பொட்டு வைத்துவிட்டுப் போனார். எங்கள் கதவுக்கு இவர் ஏன் பொட்டு வைக்கிறார் என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாதாமாதம் எத்தனை கேள்விகள் வந்தன என்று ஒரு வரைபடம் போடுவோம். அது சரசரவென்று மேலே ஏறியது. எங்கள் மேனேஜர் அதைப் பிரிண்ட் எடுத்துத் தன் அறைச் சுவரில் ஒட்டிவிட்டார். நான் உட்கார்ந்து கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரும்பாலும் மருந்தகத்தின் சாவி. நேரம் விடியற்காலை, புறநோயாளிப் பிரிவு திறப்பதற்கு முன்னால். நோயாளி எண்களோ ஒன்றன்பின் ஒன்றாக, விட்டுப்போகாமல் வந்திருந்தன. மனிதர்களுக்கு வரிசை எண்படி உடம்புக்கு வருவதில்லை. யாரோ மொத்தத்தையும் வாரிக்கொண்டு போகிறார்கள் என்று தெரிந்தது.

விற்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தக் கொதிப்பு என்று தெரிந்தால் மருந்து கம்பெனிக்காரன் கும்பிட்டு வாங்குவான். அந்தச் சீப்பும் மரியாதையும் பொரி கடலையும் அப்போது எனக்குப் புரிந்தாற்போல் இருந்தது. ஒரு சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனின் மேற்குப் பக்கத்தில், டீக்கடை ஓரமாக, தோல்பை வைத்திருந்த ஒருவரோடு அவர் தலையைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பூக்காரியிடம் பேரம் பேசுகிற சாக்கில் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார். "வாங்க மேடம்," என்று சந்தோஷமாக அந்தத் தோல்பைக்காரரை அறிமுகம் செய்துவைத்தார். மனை புரோக்கர். மாடம்பாக்கத்தில் கோயிலுக்குப் பக்கத்திலேயே ஒரு கிரவுண்டு இருக்கிறது, பட்டா க்ளியர் என்று எனக்கும் ஒரு விசிட்டிங் கார்டு கொடுத்தார். அந்தப் பட்டாவின் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் டீம் லீட் விற்பது நோயாளிகளை இல்லை என்பது தெரிந்தது.

மறுநாள் நேராகவே கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"ஆமா மேடம். தினமும் காலைல முழுசா ஒரு காப்பி எடுத்து நம்ம சைடுல வெச்சுக்கறோம். கவுன்ட்டர்ல எல்லாம் அதைத்தான் பாப்பாங்க. காப்பில இல்லாத புது பேஷன்ட்டுன்னா மட்டும் உங்ககிட்ட கேக்கும்."

"கேக்கறதுக்குத்தானே சர்வீஸ் போட்டோம்? நகல் எதுக்கு?"

பழைய சாஃப்ட்வேர் ஒரு திங்கட்கிழமை காலையில் படுத்துவிட்ட கதையைச் சொன்னார். மருந்துக்காக நின்ற கூட்டம் கவுன்ட்டர் கண்ணாடியை உடைத்ததாம். அவருடைய பையன்களில் ஒருவனுக்குக் கையில் தையல். "கம்ப்யூட்டர் பிரிவுலேர்ந்து யாரும் வந்து அடி வாங்கல மேடம்," என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "உங்க தெருவுல பைப்புல இன்னிக்குத் தண்ணி வருது. நாளைக்கும் வரும்னு குடத்தைக் கவுத்து வெப்பீங்களா?"

எங்கள் வீட்டுப் பின்புறம் நீல டிரம்கள் வரிசையாக நிற்கின்றன. தண்ணீர் லாரி ஹாரன் கேட்டால் சாப்பாட்டுத் தட்டை விட்டு ஓடுகிறவள் நான். இந்தப் பக்கத்தில் குடியிருக்கிற யாருக்கும் அந்த மனிதர் சொல்வது புரியும். ஆனால் டிரம்மில் இருக்கும் நேற்றைய தண்ணீரும் தண்ணீர்தான். நோயாளியின் விவரம் அப்படி இல்லை.

"ஒருத்தருக்கு ஒரு மருந்து ஒத்துக்காதுன்னு பத்து மணிக்குக் கண்டுபிடிச்சு பதிவு பண்றாங்க. உங்க கவுன்ட்டருக்கு அது எப்ப தெரியும்?"

"மறுநாள் காலைல."

"அதுக்குள்ள?"

"ரொம்ப ரேர் கேஸ் மேடம்," என்றார்.

மேனேஜரிடம் போனேன். காலையில் மொத்தமாக வாரிக்கொண்டு போவதைத் தடுக்க அனுமதி கேட்டேன். அவர் சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டினார். "இதை நிறுத்தினா கர்வ் பாதியா விழுந்துடும். ஆறு மாசமா வளர்ச்சின்னு காட்டிட்டு இப்ப போர்டு மீட்டிங்ல நான் என்ன சொல்றது? உங்களுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்." அனுமதி கிடைக்கவில்லை. எனக்கு அவர் மேல் வந்த கோபத்தில் அந்த வரைபடத்தைக் கிழித்துப் போட வேண்டும் போல் இருந்தது.

திரும்பவும் டீம் லீடிடமே போய்ச் சத்தம் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "சரிங்க மேடம். நிறுத்திடறோம். இனிமே நேராவே கேக்கறோம்," என்றார். அடுத்த வாரம் விடியற்காலையில் குவியும் கேள்விகள் காணாமல் போய்விட்டன. என் குழுவில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு இல்லை. இத்தனை மாதமாகக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்ததை ஒரு சத்தத்துக்கு விட்டுக்கொடுக்கிறவராக அவர் எனக்குத் தெரியவில்லை. எண்கள் இப்போது வரிசையாக வரவில்லை, கலைந்து கலைந்து நாள் முழுக்க வந்தன. ஆனால் கூட்டிப் பார்த்தால் மொத்தம் குறையவில்லை. கேட்டால், "சீசன் மேடம். ஊர் பூரா காய்ச்சல்," என்றார். ஊரில் காய்ச்சல் இருந்தது உண்மைதான். அதற்கு மேல் என்னால் அவர் கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்க முடியாது.

ஒரு சனிக்கிழமை மதியம் என் கணவர் கேம்ப் ரோட்டில் ஸ்கூட்டரோடு விழுந்தார். யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த மணல், சறுக்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே நீளமான வெட்டு, உள்ளே மணலும் ஜல்லிப் பொடியும். ஒரு ஷேர் ஆட்டோக்காரர் அவரைத் தூக்கி ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"யக்கா, பயந்துக்காத. கால்ல தான் அடி. சாருக்கு ஒண்ணியும் ஆவல. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு, அஞ்சு நிமிசத்துல உட்டுடறேன்."

இவ்வளவு அக்கறையா, எந்த ஆஸ்பத்திரியில் கமிஷனோ என்றுதான் அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. நான் சொன்ன இடத்துக்கே கொண்டுபோனார். எங்கள் குழுமத்தின் கிளை அது. ஊழியர் குடும்பம் என்பதால் முன்பு ஒரு காய்ச்சலுக்குப் போனபோதே கணவரின் பெயர் அங்கே பதிவாகியிருந்தது.

அவசரப் பிரிவில் ஒரு இளம் பெண் டாக்டர் காயத்தைக் கழுவினார். பெனிசிலின் ஊசி போடுவதற்கு முன்னால் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கத் தோலில் ஒரு சொட்டு ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் வீங்கிச் சிவந்தது. பிறகு கழுத்தெல்லாம் தடிப்பு. கணவர், "மூச்சு ஒரு மாதிரி இருக்கு," என்றார். அந்தப் பெண் பதறாமல் அலர்ஜியை அடக்கும் ஊசி போட்டார். மூச்சு சரியாகும் வரை நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, பெனிசிலின் வகை எதுவும் கூடாது என்று பதிவு செய்தார். நான் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். சேமித்ததும் கணவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் பட்டை வந்தது. நாங்கள் செய்த சர்வீஸ் கொடுத்த சிவப்பு அது. அந்த நிலைமையிலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

சாயங்காலம் வார்டுக்கு மாற்றினார்கள். அந்தப் பெண் டாக்டருக்கு ஷிப்ட் முடிந்துவிட்டது. வார்டுக்கு வந்த இன்னொரு டாக்டர் அவசரத்தில் இருந்தார். காயத்தைப் பார்த்து, கம்ப்யூட்டரைப் பார்க்காமலே சீட்டில் மருந்து எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மருந்தகத்திலிருந்து மருந்து வந்தது. நர்ஸ் தட்டோடு வந்து ஊசியில் ஏற்ற ஆரம்பித்தார். நான் குப்பியை வாங்கிப் படித்தேன். பெரிய எழுத்தில் ஏதோ ஒரு கம்பெனிப் பெயர் இருந்தது. கீழே பொடி எழுத்தில் இருந்த மருந்து பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்தது.

"சிஸ்டர், இவருக்கு இது ஆகாது. மத்தியானம்தான் தடிச்சுது."

"இருக்காது மேடம். பார்மஸில செக் ஆகித்தான் வரும். அலர்ஜி இருந்தா அவங்க சிஸ்டமே நிறுத்திடும்."

"போடாதீங்க," என்றேன். குரல் ரொம்ப உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நர்ஸுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தார்.

நான் கீழே மருந்தகக் கவுன்ட்டருக்கு ஓடினேன். அங்கிருந்த பையன் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். "பாருங்க மேடம், க்ளீனா இருக்கு. அலர்ஜி ஒண்ணும் இல்ல." பட்டை பச்சையாக இருந்தது. அதைப் பார்த்த கணமே, டீம் லீட் நகலை நிறுத்தவே இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. என் கணவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அங்கே வந்தவராக இருந்தால், நகலில் பெயர் இல்லாமல் அந்தத் திரை எங்களிடம் கேட்டிருக்கும், சரியான பதில் வந்திருக்கும். பழைய நோயாளி என்பதால், காலையில் எப்போதோ எடுத்து வைத்த விவரத்தை அது காட்டிக்கொண்டிருந்தது.

மேலே போவதற்குள் வார்டு டாக்டர் வந்து அவசரப் பிரிவின் குறிப்பைப் பார்த்துவிட்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. "நல்லவேளை," என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்தை மாற்றி எழுதினார்.

நான் டீம் லீடுக்குப் போன் செய்தேன். என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. அவர், "வர்றேன் மேடம்," என்று மட்டும் சொன்னார். அவர் வரும்வரை சும்மா உட்கார முடியவில்லை. நர்ஸிடம் வெள்ளைப் பிளாஸ்டர் கேட்டு வாங்கி, கணவரின் முன்கையில் ஒட்டி, அதன் மேல் பேனாவால் 'பெனிசிலின் கூடாது' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன்.

"நான் என்ன பார்சலா?" என்றார் கணவர்.

"பேசாம படுங்க."

டீம் லீட் நேராகக் கவுன்ட்டருக்குப் போய், தன் ஆட்களுக்குப் போன் செய்து நகலை நிறுத்திவிட்டு மேலே வந்தார். அன்றைக்குத் தலை வாரவில்லை. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"நேரா கேக்கறோம்னு சொன்னீங்க."

"சொன்னேன் மேடம். தப்புதான். நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வெச்சுக்கச் சொன்னேன். உங்க சர்வர் நின்னுடும்னு பயம்."

"இத்தனை மாசத்துல ஒரு தடவையாவது நின்னுதா?"

"இல்ல. அதான் மேடம் பயமே. நிக்காத மிஷின்னு ஒண்ணை நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல."

அறையலாம் போல இருந்தது. அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது, அதனால் கோபம் இன்னும் அதிகமானது. அவர் என் கணவரின் கையைப் பார்த்தார்.

"இப்ப கவுன்ட்டர்ல சிவப்பு வருது மேடம். நானே பாத்துட்டுத்தான் வர்றேன். நேரா உங்ககிட்டேர்ந்துதான் வருது. இது எதுக்கு?"

"இருக்கட்டும்."

"உங்க சர்வீஸ் மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?" அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"அவர் படுத்திருக்கிறப்ப இல்ல," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஹெல்மெட்டைக் கட்டிலடியில் வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வியர்வையில் என் எழுத்து கசிந்து, சில எழுத்துகள் படிக்க முடியாமல் போயிருந்தன. சட்டைப் பையிலிருந்து தடிமனான மார்க்கரை எடுத்தார். "சார், கையை ஆட்டாதீங்க," என்று சொல்லி ஒவ்வொரு எழுத்தின் மேலும் அழுத்தி எழுதினார். முடித்துவிட்டு அந்தக் கையை ஒரு தடவை கவிழ்த்துப் பார்த்தார்.

"கையைத் திருப்பிப் போட்டுத் தூங்கிட்டார்னா தெரியாது மேடம். இன்னொரு கைலயும் எழுதிடட்டுமா?"

"எழுதுங்க," என்று நான் பிளாஸ்டரைக் கிழித்துக் கொடுத்தேன்.